ஊரிகத்தில் ஒரு பாயிண்டு பாக்கி

கோலார் தங்கவயல் கோலாரில் இல்லை. இதை யாராவது எனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தால் ஒரு பகலும் ஒரு ஜோடிச் செருப்பும் மிச்சமாகியிருக்கும்.

பங்காருப்பேட்டையில் மெட்ராஸ் ரயிலை விட்டு இறங்கி, கோலார் போகிற வண்டி எது என்று கேட்டேன். கேட்டதற்குச் சரியாகத்தான் கை காட்டினார்கள். பொம்மை ரயில் மாதிரி ஒரு சின்ன வண்டி நின்றுகொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்து, ஆட்டுக்குட்டியை மடியில் வைத்திருந்த ஒரு அம்மாளோடு சைகையிலேயே பேசிக்கொண்டு போனேன். இறங்கிய ஊரில் சுரங்கமும் இல்லை, தங்கமும் இல்லை. கோர்ட்டுக் கச்சேரிக் கட்டடங்களும், மரத்தடியில் மனு எழுதிக் கொடுப்பவர்களும், பெரிய ஆஸ்பத்திரியும்தான் இருந்தன.

கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவரிடம் தங்கவயலில் நான் போக வேண்டிய ஊரிகத்துக்கு வழி கேட்டேன். அவர் கன்னடத்தில் ஏதோ சொல்லிவிட்டு, தான் சொன்னதற்குத் தானே சிரித்தார். டீக்கடைக்காரர் எனக்குத் தமிழில் எடுத்துச் சொன்னார். "தங்கம் வேணும்னா அந்தப் பக்கம் போகணுமாம். தங்கத்துக்காக அடிச்சிக்கிட்டவங்கதான் இங்க வருவாங்களாம்." நானும் சிரித்து வைத்தேன். கப்பலில் ஒரு வாரம் குலுங்கி வந்தவளுக்கு அதற்குமேல் முடியவில்லை.

நான் மலேசியாவில் ஈப்போ நகரத்துக்காரி. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. எங்கள் மாநிலப் பெண்கள் கைப்பந்து அணிக்கு மூன்று மாதம் பயிற்சி கொடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தோம். நான் ஒரு பெயரைச் சொன்னேன். யசோதரா. மைசூர் மாநில அணியின் தலைவி. அவள் ஆடத் தொடங்கியதிலிருந்து அந்த அணி மூன்று முறை கோப்பை வாங்கியிருக்கிறது. பெயரைக் கேட்டதும் எங்கள் கமிட்டித் தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பந்தைப் பிடித்துக்கொண்டு நின்றாளே, அவளா?" என்று கேட்டார்.

அவளேதான். ஆறு வருஷத்துக்கு முன்னால் இந்தியப் பெண்கள் அணி நட்பு ஆட்டங்களுக்காக ஈப்போவுக்கு வந்தது. கடைசி ஆட்டம் நான் ஆடிய எங்கள் மாநில அணியோடு, ஐந்தாவது செட். பதினாலுக்குப் பதிமூணு என்று நாங்கள் முன்னால் இருந்தோம். சர்வீஸ் என்னுடையது. போட்டேன். எதிர்ப்பக்கம் அழகாக எடுத்து, உயரமாக ஒரு லிஃப்டு கொடுத்தார்கள். அன்றைக்கு அந்த மாதிரிப் பந்துகளை யசோதரா இருபது முறை எங்கள் முகத்தில் அடித்திருந்தாள். இருபத்தோராவது முறை அவள் குதிக்கவில்லை. இரண்டு கையையும் நீட்டிப் பந்தை வாங்கி வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றாள். பந்தைப் பிடித்தால் பாயிண்டு எதிராளிக்கு. நாங்கள் ஜெயித்தோம். அரங்கமே சிரித்தது.

மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. நாங்கள் ஆறு பேரும் ஆகாயத்தில் குதித்துக்கொண்டிருக்கிறோம். வலைக்கு அந்தப் பக்கம் அவள் மட்டும் பந்தைக் கட்டிக்கொண்டு எங்கோ பார்க்கிறாள். அந்த ஆட்டத்துக்குப் பிறகு அவளை இந்திய அணியில் எடுக்கவில்லை. எனக்கு ஒரு மெடல் கிடைத்தது. அதை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் இது நான் ஜெயித்ததுதானா என்று ஒரு குறுகுறுப்பு.

கமிட்டி ஒரு வழியாக இறங்கி வந்தது. நான் நேரில் போய், அவள் பதற்றக்காரி இல்லை என்று எழுதிக் கொடுத்தால் அழைக்கலாம். அவளுக்குக் கடிதம் போட்டேன். "வாங்க. மத்தது நேர்ல பேசலாம்" என்று இரண்டே வரியில் பதில் வந்தது. வருகிறேன் என்றும் இல்லை, மாட்டேன் என்றும் இல்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் பன்னிரண்டு பேர் என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று அரித்துக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் இந்தப் பயணம்.

கோலாரிலிருந்து பஸ். பாதி வழியில் அது இருமி, விக்கி, நின்றது. ஆண்கள் எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும் என்று கண்டக்டர் கன்னடத்திலும் தெலுங்கிலும் தமிழிலும் சொன்னார். ஆண்கள் மெதுவாக பீடியை அணைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பொறுமை போதாது. நானும் இறங்கித் தள்ளினேன். பஸ் கிளம்பிவிட்டது, என் செருப்பு வார் அறுந்துவிட்டது. பெட்டியிலிருந்த கேன்வாஸ் ஷூவை எடுத்து மாட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்த ஊரில் இருந்த நாளெல்லாம் புடவைக்கு வெள்ளை ஷூதான்.

தங்கவயல் தூரத்திலேயே தெரிந்துவிடுகிறது. சாம்பல் நிறத்தில் பெரிய பெரிய மேடுகள். தங்கத்தை எடுத்துவிட்டுக் கொட்டிய பொடி மண்ணாம். நடுநடுவே இரும்புக் கோபுரங்கள். உச்சியில் சக்கரம் சுற்றுகிறது. அந்தச் சக்கரம்தான் கூண்டில் ஆட்களை இறக்கி ஏற்றுகிறது. கூண்டை இங்கே எல்லாரும் கேஜ் என்கிறார்கள், அது இறங்கும் குழியை ஷாஃப்டு என்கிறார்கள். எங்கள் ஈப்போவும் சுரங்க ஊர்தான். ஆனால் நாங்கள் ஈயத்தை மேலேயே தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி எடுக்கிறோம். இங்கே இரண்டு மைல் கீழே போகிறார்களாம். பஸ்ஸில் பக்கத்திலிருந்தவர், பஜார் போய்வருகிற தூரத்தைச் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

ஊரிகத்தில் யசோதராவே பஸ் நிற்கிற இடத்துக்கு வந்திருந்தாள். உயரம் கொஞ்சமும் குறையவில்லை. கொஞ்சம் சதை போட்டிருந்தாள், நானும்தான். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள், பார்வை ஷூவில் வந்து நின்றது. "இன்னா அக்கா, இறங்கினதும் ஆட்டமா?" என்றாள். அந்த ஒரு பேச்சில் எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. பதற்றக்காரி இப்படியா பேசுவாள்?

அவள் வீடு லைன் வீடு. தகரக் கூரையும் மூங்கில் தட்டிச் சுவருமாக வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும் வீடுகள். இந்த வீட்டில் தும்மினால் மூன்றாம் வீட்டிலிருந்து நூறு வயசு வாழ்த்து வரும். உள்ளே புத்தர் படம், அதன் கீழே சின்ன விளக்கு. ஒரே ஆணியில் அவள் கணவர் ஆனந்தனின் பித்தளை டோக்கனும் அவளுடைய நான்கைந்து மெடல்களும் சேர்ந்து தொங்கின. டோக்கனைக் காட்டினால்தான் சுரங்கத்தில் விளக்குக் கொடுப்பார்கள். தினமும் அதை எடுக்கும்போது மெடல்கள் கிணுகிணுக்கும் என்று ஆனந்தன் சொன்னார். ஒல்லியான மனிதர், குரல் மட்டும் பெரிது. இரண்டாவது ஷிப்டு, மத்தியானம் கிளம்பி ராத்திரிதான் மேலே வருவார்.

மறுநாள் காலையில், "பசியாறியாச்சா?" என்று எங்கள் ஊர் வழக்கப்படி கேட்டேன். யாருக்கும் விளங்கவில்லை. காலைச் சாப்பாடு என்று விளக்கியதும் ராகிக் களி வந்தது, கூடவே கருவாட்டுக் குழம்பு. நான் களியை மென்றேன். ஆனந்தன் கை காட்டித் தடுத்தார். மெல்லக் கூடாதாம், உருட்டிக் குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்க வேண்டுமாம். மென்றது பல்லெல்லாம் ஒட்டிக்கொண்டு அரை மணி நேரம் என்னால் பேசவே முடியவில்லை. விழுங்கியது மத்தியானம் வரை பசியே தெரியாமல் வைத்தது. குழம்புக்காக நான் இரண்டு முறை கை நீட்டியதை மறைக்க விரும்பவில்லை.

நான் வாய் திறக்க முடியாத அந்த அரை மணியில் ஆனந்தன்தான் மனைவியின் கதையைச் சொன்னார். அவளுடைய அப்பாவும் சுரங்கத்தில் இருந்தவர். ஷிப்டு முடிந்து வந்தவர்கள் சேர்ந்து, கழிவு மண்ணைக் கூடை கூடையாகக் கொட்டி அடித்து ஷாஃப்டுக்கு எதிரில் ஒரு ஆட்டக்களம் போட்டார்கள். ஆண்கள் கீழே போயிருக்கும் நேரத்தில் களம் சும்மா கிடந்தது. பெண்கள் இறங்கிவிட்டார்கள். வலையில்லாத நாளில் வேட்டியைக் கட்டி ஆடினார்கள். பதினாறு வயசில் யசோதராவை மாநில அணிக்கு எடுத்தபோது, அவளிடம் ஷூ இல்லை என்று லைனே சேர்ந்து தேடி, ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவரின் ஷூவைக் கொடுத்து அனுப்பியது. அது இரண்டு அளவு பெரிது. அதை மாட்டிக்கொண்டுதான் முதல் கோப்பை.

"ஈப்போ கதய மட்டும் சொல்ல மாட்டா. நானும் கேட்டுப் பாத்துட்டேன்" என்றார். உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் சட்டென்று நின்று, மறுபடி தொடங்கியது. மனைவி மலேசியா போய்வர வேண்டும் என்பதில் அவருக்கு என்னைவிட ஆசை அதிகம். இங்கே அவள் டிரில் டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடத்தில் விடுப்புக்குக்கூடப் பேசி வைத்துவிட்டார். அவள் மட்டும் பதில் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் பள்ளிக்கூட விடுமுறை. ஊரிகத்து அணிப் பெண்கள் என்னை பேத்தமங்களா ஏரிக்கு அழைத்துப் போனார்கள். தங்கவயல் குடிக்கும் தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது. போனது ஒரு வைக்கோல் லாரியில். நாங்கள் ஒன்பது பேர், ஒரு கைப்பந்து, ஒரு பெரிய டிபன் கேரியர். கூட வந்தவர்களில் எனக்கு ரொம்பப் பிடித்தவள் லில்லி. யசோதராவோடு சேர்ந்து ஆடியவள், இப்போது மூன்று பிள்ளைக்காரி. முழங்கால் போன பிறகு விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அம்பயர் ஆகிவிட்டாள். விசிலை அவள் வீட்டிலும் கழற்றுவதில்லை என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடவும் அதுதானாம்.

ஏரிக்கரையில் மீன் வறுத்து விற்றார்கள். முள்ளெடுக்கக்கூடப் பொறுமையில்லாமல் தின்றோம். சுற்றிலும் நெல் வயலும் தென்னையும். சாம்பல் மேட்டையே பார்த்த கண்ணுக்கு அந்தப் பச்சை இதமாக இருந்தது. எனக்கு எங்கள் நாட்டுக் கம்பங்கள், அதாவது மலாய்க் கிராமங்கள், ஞாபகம் வந்தன. வாழையிலையில் தேங்காய்ப்பால் சோறும் நெத்திலியும் கட்டிக் கொடுப்பார்களே, அதுவும். இவர்களுக்குச் சொன்னேன். தேங்காய்ப்பாலில் சோறா, உடம்பு சரியில்லாதவர்களுக்கா என்று கேட்டார்கள்.

மற்றவர்கள் தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டிருந்தபோது யசோதராவிடம் நேராகக் கேட்டுவிட்டேன். எப்போது கிளம்பலாம்? அவள் ஒரு கல்லை எடுத்து ஏரியில் எறிந்தாள். நல்ல தூரம் போயிற்று.

"உங்கள எனக்குப் புடிச்சிருக்கு அக்கா. ஆனா அந்த ஊர்ல திரும்ப ஆட எனக்கு மனசு வரல."

தோற்ற அவமானம் என்று நினைத்துக்கொண்டேன். யார்தான் தோற்கவில்லை, எல்லாரும் அதை மறந்தாயிற்று என்று சமாதானம் சொன்னேன். அது பொய், எங்கள் தலைவர் மறக்கவில்லை. தோத்ததைப் பற்றி அவளுக்கு ஒன்றுமில்லையாம், அதற்கென்ன, இந்த வாரம்கூடத் தோத்திருக்கிறாளாம். எழுந்து மற்றவர்களிடம் போய்விட்டாள். லாரியில் திரும்பும்போது எல்லாரும் பாடினார்கள். நான் வைக்கோலில் சாய்ந்துகொண்டு, கமிட்டிக்கு என்ன எழுதுவது என்று யோசித்தேன். கோபம்தான் வந்தது. ஆயிரத்தைந்நூறு மைல் தாண்டி வந்து ஒருத்தியிடம் இத்தனை கெஞ்ச வேண்டுமா?

நான்காம் நாள் மாலை ஊரிகத்துக்கும் மாரிக்குப்பத்துக்கும் பெண்கள் ஆட்டம். களத்தைச் சுற்றி அந்த லைன் முழுக்க நின்றது. ராபர்ட்சன்பேட்டை பஜார் செட்டியார் ஒருவர் கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்து, தனக்கென்று கொண்டுவந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சுண்டல் விற்றது. பம்ப் ஸ்டவ்வில் டீ கொதித்தது. எதிரே ஷாஃப்டின் சக்கரம் சாவதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஆனந்தன் மத்தியானமே கீழே போயிருந்தார்.

மாரிக்குப்பம் அணியில் ஒருத்திக்குக் கால் பிசகிவிட்டது. ஆள் குறைகிறது. லில்லி கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். அத்தனை பெண்களில் ஷூ போட்டிருந்தவள் நான் ஒருத்திதான். விசிலால் என்னைச் சுட்டினாள். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே புடவையைத் தூக்கிச் செருகினேன். ஆறு வருஷத்துக்குப் பிறகு யசோதரா மறுபடி வலைக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே ஆடினேன். அவளும் என்னை விடவில்லை. அவள் அடித்த ஒரு பந்து என் தோளில் பட்டு, செட்டியாரின் நாற்காலிக் காலடியில் போய் விழுந்தது. அவர் அதை மரியாதையாக எடுத்துக் கொடுத்தார். எனக்கு வீம்பு ஏறிவிட்டது. ஏரிக்கரைக் கோபமும் சேர்ந்துகொண்டது. அடுத்து எனக்கு ஒரு நல்ல லிஃப்டு வந்தது. குதிக்கப் போன நேரத்தில் காலடியில் ஏதோ அசைந்தது. பாரம் ஏற்றிய லாரி தரைக்கு அடியில் போன மாதிரி இருந்தது. நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. குதித்தேன், அடித்தேன், யசோதராவைப் பார்த்தே அடித்தேன்.

அவள் அதை இரண்டு கையாலும் பிடித்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

"பாயிண்டு!" என்று கத்தினேன். அந்த மைதானம் முழுவதிலும் என் குரல் மட்டும்தான் கேட்டது.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. என் பக்கத்து ஐந்து பேரும், எதிர்ப்பக்கத்து ஆறு பேரும், சுற்றி நின்ற அத்தனை கூட்டமும் ஷாஃப்டைப் பார்த்து நின்றார்கள். டீக்காரர் ஸ்டவ்வின் காற்றைத் திறந்துவிட்டார். அதன் இரைச்சல் அடங்கியது. அழுத குழந்தையின் வாயில் ஒருத்தி புடவைத் தலைப்பை வைத்தாள். லைன் வீடுகளிலிருந்து பெண்கள் ஈரக் கையோடு வெளியே வந்து வாசலில் நின்றார்கள். அவர்களும் அந்தப் பக்கமே பார்த்தார்கள். சக்கரம் நின்றிருந்தது.

நான் யசோதராவைப் பார்த்தேன். அந்தக் கை, அந்த நிற்பு, பத்திரிகைப் படத்தில் இருந்தது அப்படியே இருந்தது. ஒரு வித்தியாசம்தான். படத்தில் அவள் கண் எதையோ தேடிக்கொண்டிருக்கும். இங்கே அது ஷாஃப்டின் மேல் இருந்தது.

எவ்வளவு நேரமோ தெரியாது. சக்கரம் மெல்லச் சுற்றத் தொடங்கியது. பிறகு சுரங்கத்தின் டைம் ஆபீஸிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்தார். வரும்போதே ஒரு கையைத் தூக்கி விரித்துக் காட்டினார். பழைய லெவல், ஆள் யாரும் இல்லாத இடம், எல்லாரும் சவுக்கியம். அந்தச் சேதி வாய்க்கு வாய் லைன் கடைசி வரை போயிற்று. ஸ்டவ்வை மறுபடி பற்ற வைத்தார்கள். குழந்தையை அழ விட்டார்கள். யசோதரா புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பந்தை வலைக்கு அடியில் என்னிடம் உருட்டிவிட்டாள்.

லில்லி விசில் ஊதினாள். "அந்த பாயிண்டு செல்லாது. திரும்ப ஆடணும்."

ஆட்டம் முடிந்ததும் லில்லியைப் பிடித்துக்கொண்டேன். அவள் இதில் விளக்க என்ன இருக்கிறது என்பது போல விளக்கினாள். பாறையை உடைக்க வெடி வைப்பதற்கு இங்கே நேரம் உண்டு, அதற்கு யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் கீழே பாறை தானாகவே வெடிக்கும். அதற்கு பர்ஸ்ட் என்று பெயர், நேரம் காலம் கிடையாது. தரை அசைந்தால் எல்லாரும் காது கொடுப்பார்கள். சங்கு ஊதுகிறதா, ஆம்புலன்ஸ் மணி கேட்கிறதா என்று. அப்போது பந்து தரையில் குதித்துச் சத்தம் போடக் கூடாது. யாருக்குக் கிட்டே வருகிறதோ அவர்கள் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் களத்தில் எழுத்துப் படிக்கிறதுக்கு முன்னால் படிக்கிற பாடம் அதுதான். கெட்ட சேதியானால் ஆட்டம் அதோடு சரி. நல்ல சேதியானால் அந்த பாயிண்டை மறுபடி ஆடுவார்கள்.

பையிலிருந்து பத்திரிகைப் படத்தை எடுத்துக்கொண்டு போய் யசோதராவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள்.

"உங்க ஊரும் சுரங்க ஊருன்னு இறங்கினதுமே சொன்னாங்க அக்கா. கீழ ஆளு கீறாங்கன்னு நெனச்சேன். தரை ஆடுச்சு. புடிச்சிக்கினு நின்னேன். ஷாஃப்டு எந்தப் பக்கம்னே தெரியல, எங்க பாக்கறது? திரும்பினா நீங்கல்லாம் குதிக்கிறீங்க. ஊரே சிரிக்குது."

படத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். "உங்க ஆளுங்களுக்காகத்தான் நின்னேன். அவங்களுக்காக நீங்களே நிக்கல. அந்த ஊர்ல எப்படி அக்கா திரும்ப ஆடறது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கம் பாதி, சந்தோஷம் பாதி. ஆறு வருஷமாக நாங்கள் இவளைப் பயந்தாங்கொள்ளி என்று நினைத்திருந்தோம். இவள் எங்களைக் கல் நெஞ்சக்காரர்கள் என்று நினைத்திருந்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னேன். ஈப்போவில் கீழே யாரும் இறங்குவதில்லை. ஈயம் மேலேயே கிடைக்கிறது. அன்றைக்கு அசைந்தது சுண்ணாம்பு மலையில் கல் உடைக்கிற வேட்டு, தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு வைப்பார்கள். பிறந்ததிலிருந்து கேட்டுக் கேட்டு எங்களுக்கு அது காதிலேயே விழுவதில்லை.

அவள் என்னையே பார்த்தாள். "கீழ ஆளே இல்லியா?"

"ஒருத்தருமே இல்ல."

"அப்போ நான் யாருக்காக நின்னேன்?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். லில்லி என்னவென்று கேட்க வந்து, அவளும் சிரித்தாள். டீ வந்தது, நான் மூன்று டம்ளர் குடித்தேன். ஆனாலும் வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை. ஊரே ஒருத்தியைப் பார்த்துச் சிரித்தது என்னவோ உண்மைதான். வேட்டுக் கதையைச் சொல்லிவிட்டால் அது இல்லையென்று ஆகிவிடாது.

அன்று படுக்கும்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது.

ஐந்தாம் நாள் காலை எனக்கு ரயில். பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு நேரே லில்லி வீட்டுக்குப் போனேன். அவள் இட்லிச் சட்டியை இறக்கிக்கொண்டிருந்தாள், கழுத்தில் விசில் இருந்தது. அம்பயர் என்ற முறையில் ஒரு தீர்ப்பு வேண்டும் என்றேன். தரை அசையும்போது ஆடிய பாயிண்டு செல்லாது என்றால், ஈப்போவில் ஆடியதும் செல்லாதுதானே? லில்லி இட்லிச் சட்டியை வைத்துவிட்டு யோசித்தாள். கீழே ஆள் இல்லாவிட்டாலும் தரை அசைந்தது உண்மை, பிடித்தவள் சட்டப்படிதான் பிடித்தாள், நல்ல சேதியும் வந்தாயிற்று, ஆறு வருஷம் தாமதமாக வந்தாலும் நல்ல சேதி நல்ல சேதிதான். "திரும்ப ஆடணும்" என்றாள்.

அரை மணியில் களத்தில் ஆள் சேர்ந்துவிட்டது. காலை ஷிப்டு போகிறவர்களே கொஞ்சம் நின்று பார்த்தார்கள். ஆனந்தன் தூக்கக் கண்ணோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றார். என் பக்கம் ஆறு பேர், யசோதரா பக்கம் ஆறு பேர். பதினாலுக்குப் பதிமூணு, ஐந்தாவது செட், சர்வீஸ் என்னுடையது என்று லில்லி உரக்க அறிவித்தாள். யசோதரா முகத்தில் சிரிப்பே இல்லை. புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். விட்டுக்கொடுக்கலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். அவள் நின்ற நிலையைப் பார்த்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக ஒரு சர்வீஸ் போட்டதில்லை.

எடுத்தார்கள். லிஃப்டு உயரமாகப் போயிற்று. தரை அசையவில்லை. யசோதரா குதித்தாள். பந்து எங்கே விழுந்தது என்று எனக்குத் தெரியாது, நான் திரும்பும்போது அது பின்கோட்டுக்கு உள்ளே புழுதியைக் கிளப்பிவிட்டுப் போயிருந்தது. லைனே கத்தியது. ஆனந்தனின் போர்வை கீழே கிடந்தது.

நான் வலையைத் தூக்கி அந்தப் பக்கம் போய், பையிலிருந்து என் மெடலை எடுத்து அவளிடம் நீட்டினேன். இது உன்னுடையது, நீ ஜெயித்துவிட்டாய் என்றேன்.

அவள் மெடலை வாங்கவில்லை. "இன்னா அக்கா, ஆட்டத்தையே மறந்துட்டீங்களா? சர்வீஸ் போட்டவங்களுக்குத்தான பாயிண்டு? நான் அடிச்சதுக்கு சர்வீஸ்தான் இந்தப் பக்கம் வந்துது. பாயிண்டு வரல. இன்னும் நீங்கதான் முன்னால."

விளையாட்டு ஆசிரியைக்கு இது தேவைதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, சரி, ரயிலுக்கு நேரம் இருக்கிறது, சர்வீஸைப் போடு, ஆடி முடித்துவிடலாம் என்று என் இடத்துக்குத் திரும்பினேன்.

அவள் பந்தைக் கீழே போடவில்லை. கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"மிச்சத்த இங்க ஆட மாட்டேன். எங்க நின்னுதோ அங்கதான் ஆடணும்" என்றாள். பிறகு கணவரைத் திரும்பிப் பார்த்தாள். "மாமா, லீவு பேசி வச்சேன்னியே, அது இன்னும் கீதா?"

ஆனந்தன் போர்வையை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அதுக்குத்தான் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வந்தேன் என்றார்.

இந்த முறை ரயிலை நான் விசாரிக்கவில்லை. பத்துப் பதினைந்து பேர் வந்து ஏற்றிவிட்டார்கள். டிபன் கேரியரில் களியும் கருவாட்டுக் குழம்பும் இருந்தன. பெட்டியே மணத்தது, எதிரில் இருந்தவர் ஜன்னல் பக்கம் நகர்ந்துகொண்டார். பங்காருப்பேட்டை வருவதற்குள் மடியில் வைத்துக் கமிட்டிக்குக் கடிதம் எழுதிவிட்டேன். பதற்றக்காரியா என்று கேட்டிருந்தீர்கள், இல்லை. நம் ஊரில் தரை அசைந்தபோது நமக்காக நின்றவள் அவள் ஒருத்திதான். அந்த பாயிண்டு செல்லாது. ஆட்டம் இன்னும் முடியவில்லை, ஆள் அடுத்த கப்பலில் வருகிறாள், களத்தைத் தயார் செய்யுங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு வேட்டு வைக்கிறார்களே, அந்த நேரம் மட்டும் பந்தை எல்லாரும் கொஞ்சம் பிடித்துக்கொண்டு நிற்போம். பழகிக்கொள்ளலாம்.

கடிதத்தின் அடியில் கணக்கு சரியாக இருக்கட்டும் என்று நிலவரத்தையும் எழுதினேன். பதினாலுக்குப் பதிமூணு. நான்தான் முன்னால் இருக்கிறேன். சர்வீஸ் அவள் கையில்.